பச்சைப் புள்ளி

மூடிப்போன ரசாயன ஆலையின் பழைய தொழிலாளர்களை ஒன்றுசேர்க்க வனஜா ஒரு வலைத்தளம் அமைத்தாள். பாய்லர் வெடித்து இறந்த கணவர் திருமேனிக்குத்தான் முதல் பக்கம். அவர் கணக்கில் தளம் திறந்திருக்கும் அவருடைய கைபேசியை அவள் அணைப்பதே இல்லை. அதனால் தளத்தில் அவர் பெயரருகே, இணைப்பில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எப்போதும் எரியும்.

அடுத்த ஷிப்ட் ஆள் வந்து, "வந்துட்டேன், நீங்க கிளம்புங்க" என்று சொல்லாமல் ஆலையில் யாரும் பாய்லரை விட்டு நகரக் கூடாது. வெடித்த அன்று, அடுத்த ஷிப்டுக்கு வர வேண்டிய செலஸ்டின் வரத் தாமதமானது. திருமேனி காத்திருந்தார்.

இப்போது செலஸ்டின் தொலைபேசியில் அழைத்தான். "அண்ணி, என்னையும் சேத்துக்குவீங்களா?"

"இதுக்கும் லேட்டுதானா தம்பி?" என்றவள், அழுதபடியே அவனைச் சேர்த்தாள்.

திருமேனியின் படத்துக்குக் கீழே அவன் எழுதினான்: "வந்துட்டேன் அண்ணே, நீங்க கிளம்புங்க."

வனஜா கணவரின் கைபேசியை எடுத்தாள். அணைக்கும் பொத்தானில் விரலை வைத்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.