இரண்டு விசில்

"வயசு பதிமூணுங்கய்யா. ரெண்டு கண்ணும் தெரியாது. மிஞ்சிப்போனா ஆறு மாசம். குட்டி ஏதாவது எடுத்துக்குங்களேன்" என்றாள் நாய்க் காப்பகத்து டாக்டர்.

ஓய்வுபெற்ற கண்டக்டர் தணிகாசலம் படிவத்தில் கையெழுத்திட்டார். "ஒரே ஒரு ஆள் இருந்தாலும் கடைசி ஸ்டாப் வரைக்கும் வண்டி போவணும்மா."

வீட்டில் பழைய விசிலைத் தேடியெடுத்தார். ஒன்று ஊதினால் நிற்கவும், இரண்டு ஊதினால் நடக்கவும் நாயைப் பழக்கினார். மூன்றே வாரத்தில் அது தெருமுனை வரை முட்டாமல் போனது.

ஒருநாள் காலை, சாலையைக் கடக்கும்போது அதன் பின்னங்கால்கள் மடங்கின. இரண்டு விசில் கொடுத்தார். எழவில்லை. மறுபடி கொடுத்தார். காது மட்டும் அசைந்தது.

தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது.

தணிகாசலம் அதன் பக்கம் திரும்பி, கையை உயர்த்தி, நீளமாக ஒரே ஒரு விசில் ஊதினார். லாரி நின்றது.

அவர் நாயின் பக்கத்தில், தார்ச்சாலையிலேயே உட்கார்ந்துகொண்டார்.