விடியாத காலை

பார்வை போனபின் சவரிமுத்துவின் உடம்புக்குப் பகலும் இரவும் குழம்பிவிட்டன. கண்ட நேரத்தில் விழிப்பார். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி அமலோற்பவம், “இன்னும் விடியல, படுங்க” என்பாள். விடிந்திருந்தால் கையைப் பிடித்து எழுப்பிவிடுவாள்.

அன்று விழித்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அசந்து தூங்குகிறாள் என்று நினைத்தார். புரண்டால் கட்டில் கிறீச்சிடும். தொண்டை வறண்டும் அசையாமல் கிடந்தார்.

வெகுநேரம் கழித்துப் பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் ஜன்னல் வழியே கூப்பிட்டாள்.

“பெரியப்பா, மணி பதினொண்ணு ஆச்சே! பெரியம்மை இன்னுமா எந்திரிக்கல?”

சவரிமுத்து உதட்டில் விரல் வைத்தார்.

“மெல்லப் பேசு தாயி, அவ தூங்குதா.”

சொல்லும்போதே அவருடைய மறுகை போர்வைக்கடியில் அவள் கையைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.