பாதிப் பாலம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், நாடு போற்றும் போர்வீரரும், வீடு போற்றும் குடும்பத் தலைவரும், தொண்ணூறு தாண்டியும் முதுகு வளையாதவருமான பட்டாளத்தாரின் நினைவுக் கூட்டத்தில், புகழ்பெற்ற பாலத்துக் கதையை அன்னாரின் மூத்த மகள் இப்போது சொல்லுவார்.

சொல்லுவாராம். மூத்த மகளுக்கே அது மைக்கில் கேட்டுத்தான் தெரிந்தது.

நல்லவேளை, முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர் அறிவித்துவிட்டு உட்காரவில்லை. அன்னாரைப் பற்றி ஒரு வார்த்தை என்று ஆரம்பித்து, தன் முழங்கால் ஆபரேஷனுக்கு வந்து சேர்ந்திருந்தார். இடது கால்தான் முடிந்திருந்தது. வலது பாக்கி.

அந்தக் கதையா! அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

சோற்றில் கை வைத்தால் போதும், அப்பா பாலத்தில் ஏறிவிடுவார். விருந்தாளி வந்தால் ஏறுவார். குழாய் ரிப்பேருக்கு வந்தவரையும் உட்காரவைத்து ஏறினார். வருஷத்துக்கு வருஷம் பாலம் நீண்டது, ஆறு அகன்றது, மழை வலுத்தது. எதிரி மட்டும், பாவம், கடைசி வரை அக்கரையிலேயே நனைந்துகொண்டு நின்றான்.

பாதிப் பாலம் வரை அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அடிபட்ட சிநேகிதனை முதுகில் சுமந்துகொண்டு அப்பா வருகிறார். நடுப்பாலம். கீழே வெள்ளம். பின்னாலிருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அப்பா திரும்பிப் பார்க்கிறார்.

பார்த்தால்?



இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவு அவளுடையது. நீட்டி முழக்குகிறவர்களை, “சுத்தி வளைக்காதீங்க, கடைசில என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க” என்று அதட்டி அதட்டியே தலை நரைத்தவள். சொந்த அப்பாவின் கடைசி தெரியவில்லை.

பக்கத்தில் தம்பி, தன் பேச்சு முடிந்த நிம்மதியில் சாய்ந்திருந்தான். “பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்த கை, வீட்டில் தினமும் எங்கள் எச்சில் தட்டைக் கழுவியது” என்று அவன் தழுதழுத்தபோது சபை மொத்தமும் உச்சுக்கொட்டியது. உண்மைதான். கடைசி வாரம் வரை கழுவினார். யார் தடுத்தாலும் கேட்கவில்லை என்பது தம்பியின் சொந்தச் சரக்கு. யாரும் தடுக்கவில்லை.

“டேய், அப்பா திரும்பிப் பாத்தாரே, யாருடா கூப்பிட்டது?”

“எனக்கு எப்படிக்கா தெரியும்? அந்த எடத்துலதான் எனக்கு போன் வரும்.”

“தினமுமா? யாருடா பண்ணுவா?”

“யாரும் பண்ண மாட்டாங்க. நானே எடுத்துக் காதுல வெச்சுக்குவேன்.”

தங்கையைக் கேட்டுப் பயனில்லை. அந்த இடம் வந்ததும் அவளுக்குக் குழந்தையைத் தூங்கவைக்கிற வேலை வந்துவிடும். அந்தக் குழந்தைக்கு இப்போது மீசை இருக்கிறது. தான் மட்டும் என்ன யோக்கியம்? கை கழுவ எழுந்தால் சோப்பு கரையும் வரை கழுவுகிறவள்.

மறுபக்கம் அம்மா. அம்மாவின் காதோரம் குனிந்தாள்.

“அம்மா, நீயாவது சொல்லித் தொலை. பாலத்துல கடைசியா என்னதான் ஆச்சு?”

“யாருக்குத் தெரியும்? அந்த எடத்துல நிறுத்திட்டு, கண்ணாடியைக் கழட்டித் தொடைப்பார். யாராவது உம் கொட்டினாத்தானேடி மேல சொல்லுவார்? மாட்டிக்கிட்டுப் பாத்தா மேசையில ஒருத்தர் இருக்க மாட்டீங்க.”

“நீ இருப்பியே?”

“எனக்கு சீரியல் போட்டுடுவான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன அப்புறம்? தட்டையெல்லாம் அடுக்கி எடுத்துக்கிட்டுக் கழுவப் போயிடுவார்.”

மேடையில் வலது முழங்காலும் குணமாகிவிட்டது. கைதட்டல். தலைவர் மைக்கை அவள் பக்கம் நீட்டினார்.

ஏறினாள். நன்றாகவே சொன்னாள், அதுதான் வேடிக்கை. மழையை அப்பா பெய்ய வைக்கிற மாதிரியே பெய்ய வைத்தாள். பாலத்தைத் தன் பங்குக்குக் கொஞ்சம் நீட்டினாள். முதுகில் சிநேகிதன் முனகினான். நடுப்பாலம் வந்தது. பெயர் சொல்லி ஒரு குரல். அப்பா திரும்பிப் பார்க்கிறார்.

இட்டுக்கட்டலாம். ஒரு குண்டு, ஒரு தியாகம், தலைவருக்குப் பிடித்த மாதிரி ஒரு கொடி. யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் ஒரே ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தது. கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே துடைக்க வேண்டியிருந்தது.

மாட்டிக்கொண்டு பார்த்தபோது நாற்காலிகள் நகர்ந்துகொண்டிருந்தன.

“அருமையான கதை,” என்றார் தலைவர், மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு. “டீ கீழ ரெடி.”

தம்பி போனைக் காதில் வைத்தபடி படியிறங்கிக்கொண்டிருந்தான்.

மேடை மேசையில் காலி டம்ளர்கள் கிடந்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள்.

கீழே போனவர்கள் கேட்ட ஒரே கேள்வி, சர்க்கரை எங்கே என்பதுதான்.