பிளக் கழற்றிய பின்னும்

லாலாகுடா வீட்டுக் கூடத்தில் மத்தியான வெயில் சாய்ந்து விழுகிறது. என் மகன் கிரி எங்களைக் கேட்காமல் கட்டிக்கொண்டு வந்த ஜெஸ்ஸி, சத்தம் நின்றுபோன தன் கிதார் ஆம்பிளிஃபயரின் பின்பலகையைக் கழற்றி வைத்திருக்கிறாள். இரண்டு வருஷமாக நான் அவளிடம் நேராகப் பேசியதில்லை. எதுவானாலும் என் மனைவி ராஜம் வழியாகத்தான். கண்ணாடி வால்வுகள் அணைந்திருக்கின்றன. பிளக் தரையில் கிடக்கிறது. அதை நம்பி அவள் விரல் உள்ளே போகிறது. பிளக்கை எடுத்த பிறகும் கண்டென்சரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். முப்பது வருஷம் ரயில்வேயில் மின்சார வேலை பார்த்தவனுக்கு அது தெரியும். ராஜம் கோவிலுக்குப் போயிருக்கிறாள். விரலுக்கும் கண்டென்சரின் கம்பிக்கும் நடுவே ஓர் அங்குலம்தான்.

“ஜெஸ்ஸி, கையை எடும்மா.”

விரல் அப்படியே நிற்கிறது. “என்னையா கூப்ட்டீங்க, மாமா?”

“கேள்வி நக்கோ, அப்புறம் கேளு. முதல்ல கையை வெளியே எடு.”

அவள் கையை எடுத்ததும் நான் அவள் பக்கத்தில் தரையில் உட்காருகிறேன்.