புறா வாங்கிய காற்று

மாடி வீட்டு ஜன்னல் விளிம்பில், ஏசியின் வெளிப்பெட்டிக்கு நேர் எதிரே, ஒரு புறா இரண்டு முட்டை இட்டிருந்தது.

"ஏம்ப்பா, முட்டை வெந்துடும். மூச்சைக் கொஞ்சம் அந்தப் பக்கம் விடேன்," என்றது புறா.

"உள்ளே குளுகுளுன்னு இருக்கணும்னா அந்தச் சூட்டை எங்கே கொட்டறதாம்? நீ இடம் பார்த்து முட்டை போட்டிருக்கணும்," என்றது பெட்டி.

"மரத்தை விட்டு வெச்சிருந்தா உன் மூஞ்சியில ஏன் முழிக்கிறேன்?"

புறா முட்டைகளுக்கு முன்னால் நின்று, அனல்காற்றை மறைத்துச் சிறகுகளை விரித்தது.

கண்ணாடிக்கு உள்ளே இருந்தவள் போர்வையை இழுத்துக்கொண்டாள். "இங்க பாருங்க, புறா நம்ம ஏசி காத்து வாங்குது! பாவம், இன்னும் ரெண்டு டிகிரி குறைங்க."

பெட்டி இன்னும் பலமாக ஊதியது.

சாயங்காலம் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்தார்கள். புறா பறக்கவும் இல்லை, விரித்த சிறகை மடக்கவும் இல்லை.