இணைப்பில் ஒரு வெள்ளை இழை

பட்டறையின் தகரக் கூரை இடுக்கு வழியாகப் பகல் வெளிச்சம் இறங்கி, காரின் திறந்த இன்ஜின்மேல் விழுகிறது. பின்புறம், இன்ஜினுக்குக் கூடுதல் வேகம் கொடுக்கும் நைட்ரஸ் வாயு சிலிண்டர் கனத்த பட்டைகளில் கட்டுண்டு கிடக்கிறது. அதன் வால்வு இன்னும் திறக்கப்படவில்லை. ஓட்டுநர் இருக்கையில் பட்டறைக்காரப் பெரியவரின் மகள் ஹெல்மெட்டை மடியில் வைத்துக் காத்திருக்கிறாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் பந்தயம். "எங்க கை பட்ட வண்டி பாதியில நின்னதா சரித்திரமே கிடையாது" என்று வாசலில் நிற்கும் சம்பந்தியிடம் சொல்லிக்கொண்டே பெரியவர் கடைசியாக ஒருமுறை குனிகிறார். குனிந்தவர் அப்படியே நிற்கிறார். பெட்ரோல் குழாயின் இணைப்பில் வெள்ளையாக ஓர் இழை நீட்டிக்கொண்டிருக்கிறது. கசியக் கூடாதென்று காலையில் அவரே சுற்றிய டேப். உலோகத்தோடு உலோகம் இறுகும் இந்த இணைப்புக்கு டேப் ஆகவே ஆகாது. டேப்பின் ஒரு துணுக்கு உள்ளே போய், பெட்ரோலைத் தெளிக்கும் ஊசித்துளையை அடைத்தால் வாயுவோடு சேர வேண்டிய பெட்ரோல் நின்றுவிடும், வாயு மட்டும் பாயும், பிஸ்டன் உருகும். அப்போது மகள் முழு வேகத்தில் இருப்பாள். "அப்பா, சிலிண்டரத் திறந்துடலாமா?" என்கிறாள் அவள். "என்ன சம்பந்தி, சத்தத்தையே காணோம்? சரித்திரம் முடிஞ்சுதா?" என்று வாசலிலிருந்து குரல் வருகிறது. பெரியவரின் காது மடல் சிவக்கிறது. முதுகை நிமிர்த்திக்கொள்கிறார். "திறக்காதம்மா. நான்தான் தப்பா மாட்டியிருக்கேன்" என்கிறார், வாசல்வரை கேட்கும்படி. அடியில் துணியைக் கொடுத்து ஸ்பேனரைத் திருப்புகிறார். பெட்ரோல் வாசனை எழுகிறது. நகத்தால் அந்த இழையை உரித்து, கறுப்பு மட்கார்டின்மேல் எல்லார் கண்ணிலும் படும்படி வைக்கிறார். பிறகு அடுத்த இணைப்புக்குக் குனிகிறார். அதிலும் வெள்ளை தெரிகிறது.