மஞ்சள் வரும் வழி

பாறையில் ஒரு துவாரம். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடல் வற்றும் நேரம்; இங்கிலாந்தின் டீ என்னும் ஆறும் தாழ்ந்திருந்தது. சிவந்த மணற்பாறைக் கரையில் பாசி மினுங்கியது. துவாரத்தின் உதடு மட்டும் காய்ந்திருந்தது.

கையில் தொலைபேசி. மறுமுனையில், மேட்டுத் தெருவின் நிலவறைக் கடையில், அவள் கணவன் குகதாசன்.

"ஊத்திப்போட்டன். தெரியுதே?"

"இன்னும் இல்லை. எவ்வளவு மஞ்சள் போட்டனீங்கள்?"

"ரெண்டு பக்கற்."

"ரெண்டோ! ஒரு கலியாண வீட்டுக்குக் காணும்."

"நான் என்ன கறியே வைக்கிறன்? ஆத்தைத் தேடுறன்."

பக்கத்தில் நின்ற ஹேசலுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தாள். நகரின் தொல்லியல் அலுவலர் அவள். தண்ணீர் போகும் வழியைக் காட்டும் சோதனைச் சாயம் வந்துசேரச் சில நாளாகும் என்று அவள் சொன்னபோது, குகதாசன்தான் அலுமாரியைத் திறந்து மஞ்சள் தூளை நீட்டினான். ஹேசல் முகர்ந்து பார்த்தாள். தலையாட்டினாள்.

சேமிப்பையெல்லாம் போட்டு எடுத்த கடை. பெயர்ப்பலகை மாட்டியாயிற்று. அடுப்பும் பொருத்தியாயிற்று. மழை பெய்தால் தரையில் தண்ணீர் நின்றது.

தரையைக் கிளறியபோது அடியில் கல் வாய்க்கால் ஒன்று தெரிந்தது. ரோமர் காலத்தது என்றாள் ஹேசல்.

அதன் மூடுகற்கள் எல்லாம் சுண்ணாம்புச் சாந்தால் ஒட்டப்பட்டிருந்தன. ஒன்று மட்டும் ஒட்டப்படவில்லை. அதன் இரு ஓரங்களிலும் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம். பிடித்துத் தூக்கியதும் வந்துவிட்டது.

உள்ளே ஊற்றிய தண்ணீர் போனது.

போவது மட்டும் போதாது. வழியில் எங்காவது உடைந்திருந்தால் மண் அதைக் குடித்துவிடும். குடித்த மண் இளகும். மேலே நிற்கும் பழைய கட்டடங்கள் அசையும். அப்படியென்றால் தெருவையே தோண்ட வேண்டும். கடை திறக்காது.

ஆற்றில் வந்து விழுந்தால்தான் திறக்கலாம்.

அவள் கண்ணை மூடாமலே மனதுக்குள் தண்ணீரோடு நடந்தாள்.

இப்போது நிலவறைக்கு அடியில் இருக்கும். அங்கே ஒரு காலத்தில் வியாபாரிகள் வைன் பீப்பாய்களை அடுக்கி வைத்தார்கள். தங்கள் காலுக்குக் கீழே வாய்க்கால் இருந்தது அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

இப்போது தெருவுக்கு அடியில். ரோமப் படை போட்ட தெரு. படை போய்விட்டது. படைமுகாமுக்கு அவர்கள் வைத்திருந்த சொல் மட்டும் தேய்ந்து தேய்ந்து, செஸ்டர் என்று ஊருக்குப் பெயராக நின்றுவிட்டது.

மெல்லத்தான் வரும். சரிவு அப்படி.

சரிவு கூடினால் தண்ணீர் ஓடிவிடும், கசடு தங்கிவிடும். குறைந்தால் இரண்டும் தங்கிவிடும். இரண்டையும் ஒன்றாகக் கூட்டிப் போக ஒரு சரிவு உண்டு. நீண்ட மரத்தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அந்த மட்டத்தைப் பார்த்துப் பார்த்து, யாரோ ஒருவன் அந்தச் சரிவில் கல் பதித்திருக்கிறான். குனிந்தபடியே பதித்திருப்பான். முதுகு வலித்திருக்கும்.

அவன் பெயர் எங்கும் இல்லை.

இப்போது மதிலுக்கு அடியில். ரோமர் தொடங்கி, பின்வந்தவர்கள் உயர்த்தி, ஆறு வரை நீட்டிய மதில். அதன் காலடி வரை ஒரு காலத்தில் கப்பல்கள் வந்தன. மணல் நிரம்பியது. கப்பல்கள் நின்றன. ஆறும் விலகிப்போனது. கப்பல் மிதந்த இடத்தில் இன்று குதிரைப் பந்தயம் நடக்கிறது.

கப்பலே நின்றுபோன ஊர்.

வாய்க்கால் எம்மாத்திரம்?

"வந்துதே?" குகதாசனின் குரல் இறங்கியிருந்தது.

அவள் துவாரத்துக்குக் கிட்டக் குனிந்தாள். ஹேசலும் இப்போது சிரிக்கவில்லை.

துவாரத்தின் உதடு கறுத்தது.

ஈரம்.

ஒரு துளி திரண்டது. தெளிந்த துளி. வெறும் கசிவாகவும் இருக்கலாம்.

விழுந்தது.

பிறகு, பாசியின் மேல் ஒரு கோடு.

மஞ்சள்.

கோடு நூலானது. நூல் கயிறானது.

அவள் எட்டி விரலை நனைத்தாள். முகர்ந்தாள். எத்தனையோ பேருடைய காலுக்கடியில் நடந்து வந்தும், அவளுடைய குசினியின் சமையல் வாசம் அதில் அப்படியே இருந்தது. ஹேசலும் விரலை நனைத்து முகர்ந்தாள்.

"என்னப்பா, கதையுமன்!"

"வருது. நல்லா வருது."

மறுமுனையில் வாளி உருண்டது. குகதாசன் மூக்கை உறிஞ்சினான்.

"அப்ப மூடலாமோ எண்டு ஹேசலைக் கேளும். சாந்து குழைக்கிறன்."

அவள் கேட்டாள். ஹேசல் தலையாட்டினாள்.

"மூடலாமாம்."

துவாரத்தைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு அவசரமாக,

"இஞ்சாருங்கோ, நில்லுங்கோ. அந்த ஒரு கல்லை மட்டும் ஒட்டாதேங்கோ. அதுக்கு நேரே, எங்கட தரையிலயும் தூக்கக்கூடின மாதிரி ஒரு கல்லு விடுங்கோ."

"ஏன்? அதுதான் வந்திட்டுதே. இனி என்ன பயம் எங்களுக்கு?"

மஞ்சள் ஆற்றில் இறங்கிக் கலந்துகொண்டிருந்தது.

"எங்களுக்கு இல்லையப்பா. பிறகு வாறவைக்கு."